வலியும் வலிப்பும்

எனக்கு வெளிநாடு என்பது தருமபுரி மாவட்டம். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் மலேசியாவில், கிள்ளான் பக்கம். என் கணவர் கடத்தூரை அடுத்த ஒரு கிராமத்துக்காரர். இளம் வயதில் கிள்ளானுக்கு உணவக வேலைக்கு வந்தவர், என்னைப் பார்த்து, அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் வேலைக்குப் போய் அவரவர் பாட்டைப் பார்க்கத் தொடங்கியதும், "கொஞ்ச காலம் எங்க ஊர்ல இருந்து பாக்கலாமே" என்றார். அவருடைய தம்பி ஒருவராகவே நிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. விசா எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

என்னோடு என் வலியும் வந்தது. வலது காதுக்கு முன்னால் தொடங்கி, கன்னத்தில் ஓடி, தாடையில் முடியும். சில நொடிகள்தான். ஆனால் அந்த நொடிகளில் யாரோ முகத்தில் மின்கம்பியை வைத்தது போல இருக்கும். பல் விளக்கினால் வரும். முகம் கழுவினால் வரும். காற்றுப் பட்டால் வரும். சில நாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாலே வரும். முதலில் பல்வலி என்று நினைத்து கிள்ளானில் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. பிறகுதான் ஒரு மருத்துவர், இது பல் இல்லை, முகத்தில் ஓடும் நரம்பு என்று கண்டுபிடித்து ஒரு மாத்திரை கொடுத்தார். சாதாரண வலி மாத்திரைகள் எதற்கும் அசையாத அந்த வலி, இதற்கு மட்டும் அடங்கியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்த மாத்திரைதான் எனக்குச் சோறு தண்ணீர் மாதிரி.

கிராமத்தில் முதல் மாதங்கள் நன்றாகவே போயின. என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். காலையில் யாரைப் பார்த்தாலும் நான் "பசியாறியாச்சா?" என்று கேட்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் அதையே ஒருவரை ஒருவர் கேட்டு விளையாடினார்கள். களியை நான் ஆசையாகச் சாப்பிட்டது அவர்களுக்குப் பெரிய அதிசயம். உருட்டிக் குழம்பில் தொட்டு அப்படியே விழுங்கலாம், மெல்ல வேண்டியதில்லை. என் தாடைக்கு அதைவிடத் தோதான சாப்பாடு உலகத்தில் இல்லை. காரணம் தெரியாமல், "வெளிநாட்டுக்காரி எப்புடி களி திங்கறா பாரு" என்று மெச்சிக்கொண்டார்கள். நானும் காரணத்தைச் சொல்லவில்லை. வந்த இடத்தில் நோய்க்காரி என்ற பெயர் எதற்கு என்று இருந்தேன்.

கொண்டுவந்த மாத்திரை குறையக் குறைய எனக்குப் பயம் வந்தது. கிள்ளானில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். மருத்துவமனையில் ஆள் நேரில் வந்து காட்டினால்தான் மறுபடி எழுதித் தருவோம் என்று சொல்லிவிட்டார்களாம். எங்காவது வாங்கி அனுப்பலாம் என்று விசாரித்தால், மாத்திரைப் பொட்டலத்தை எடுக்கவே மாட்டோம் என்று கூரியர்க்காரர்களும் சொல்லிவிட்டார்களாம்.

"நீ பேசாம திரும்பி வந்துரு. இங்க இருந்தா இந்தத் தொல்லை இல்லல்ல" என்றான் அண்ணன்.

நான் மாத்திரையைப் பாதிப் பாதியாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தேன். ஆடி பிறந்தது. இந்த ஊர் ஆடிக்காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தென்னை மட்டைகளை முறித்துப் போட்டு, தகரக் கூரைகளைத் தடதடவென ஆட்டி, மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் காற்று. அரை மாத்திரைக்கு அது கட்டுப்படுமா? நான் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

என் கணவர்தான் பொறுக்கமாட்டாமல் என்னைக் கடத்தூர் மெடிக்கலுக்கு அழைத்துப் போனார். சாயங்கால நேரம், கடையில் கூட்டம். நான் கிள்ளான் மருத்துவமனைச் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி மலாய், பாதி ஆங்கிலம்.

"இது எந்த ஊர்ச் சீட்டுங்க?"

"மலேசியா."

"இங்கத்த டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் இந்த மாத்திரை குடுக்க முடியும்ங்க. செக்கிங் வர்றாங்க." மாத்திரைப் பெயர் மேல் விரலை வைத்தபடி நிமிர்ந்தார். "யாருக்குங்க? இது ஃபிட்ஸ் மாத்திரைங்களே."

"இல்லங்க, எனக்குத்தான். வலிக்குப் போடற மாத்திரை" என்றேன். வாயைத் திறக்காமல் பேசப் பழகியிருந்ததால் என் சொற்கள் பல்லுக்குள்ளேயே நசுங்கின.

"அதாங்க நானும் சொல்றன். வலிப்புக்குத்தான்."

"வலிப்பு இல்லங்க, வலி."

"செரிங்க, செரிங்க" என்றார், என்னைச் சங்கடப்படுத்த விரும்பாதவர் போல. வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்ததையும், அதில் ஒருத்தி எங்கள் தெருக்காரி என்பதையும் அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாத்திரை உண்மையில் வலிப்புக்கும் தருவதுதான். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கடத்தூரில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பினோம். பேருந்து நிலையத்தின் அருகில் என்னை இறக்கிவிட்டு அவர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று சுழன்று வந்து என் துண்டை உருவிக்கொண்டு போனது.

அப்படியே நின்றுவிட்டேன். வலி வரும்போது என்னால் அசைய முடியாது. கை கன்னத்துக்கு அருகே போகும், ஆனால் தொடாது, தொட்டால் இன்னும் அதிகமாகும். கண் தானாக மூடிக்கொள்ளும். கன்னம் வெட்டி வெட்டி இழுக்கும். கண்ணில் நீர் வழியும்.

"அய்யோ, வலிப்பு வருதுங்கோ! இரும்பு குடுங்க, இரும்பு!"

யாரோ ஓடி வந்து ஒரு சாவிக் கொத்தை என் கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார்கள். அது போதாதென்று இன்னொருவர் செய்தித்தாளை மடித்து என் முகத்துக்கு நேராக விசிறத் தொடங்கினார். ஒவ்வொரு விசிறலுக்கும் முகத்தில் ஒரு மின்னல் வெட்டு. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. நான் சாவிக் கொத்தோடு கையை ஆட்ட, "கை இழுக்குது பாருங்க" என்று அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

என் கணவர் ஓடி வந்து விசிறியவரைத் தடுத்தார். வலி விட்டதும் பார்த்தால் எதிரே பூக்கடைப் பெண் நின்றாள். சாவி அவளுடையது. திருப்பிக் கொடுத்தேன். "எத்தன வருசமா இருக்குது கண்ணு?" என்று கேட்டாள். அவள் கண்ணில் நிஜமான இரக்கம் இருந்தது. எனக்கு அவளிடம் விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. "ரொம்ப நாளா" என்று மட்டும் சொன்னேன்.

மருத்துவர் என் கதையை முழுதாகக் கேட்டார். அரை மாத்திரை போட்டதற்குத் திட்டினார். "நான் கொஞ்ச நாளைக்கு எழுதித் தர்றேன். ஆனா இதை யாரோ ஒருத்தர் ஒழுங்கா தொடர்ந்து பாக்கணும். தருமபுரியில நரம்பு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அவருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். மெடிக்கலில் இந்த முறை கேள்வி இல்லாமல் மாத்திரை வந்தது. அன்றிரவு முழு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் காற்றுக்குப் பயப்படாமல் வாசல் வரை வந்தேன்.

அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது. மெடிக்கலில் கேட்டது ஒன்று, பேருந்து நிலையத்தில் பார்த்தது ஒன்று, இரண்டும் சேர்ந்து உறுதியாகிவிட்டது. ஒருவர் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு அம்மா, எப்போதும் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கிணற்றுப் பக்கம் நான் போனால் யாராவது ஒருவர் தொட்டும் தொடாமலும் கூடவே நின்றார்கள். எல்லாம் அன்புதான். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கேட்பவர்களிடமெல்லாம் "வலிப்பு இல்ல, வலி" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். மறைக்கிறேன் என்று நினைத்தார்கள் போல.

விஷயம் விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்தது என் ஓரகத்தி வந்து நின்றபோதுதான். என் கணவருடைய தம்பி மனைவி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் நான் வந்த நாளிலிருந்து என்னை ஒரு குறையும் சொன்னதில்லை. அவளுடைய மகள் தருமபுரியில் ஒரு வண்டி ஷோரூமில் கணக்கு வேலை பார்க்கிறாள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பெண்ணும் பையனும் பார்த்துப் பேசிப் பிடித்துப்போய், உறுதி செய்ய நாள் பார்ப்பதாக இருந்தது. திடீரென்று அவர்கள் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?" கதவைப் பிடித்தபடியே கேட்டாள்.

"கேளு."

"உங்களுக்கு வலிப்பு இருக்குதுன்னு மாப்ள வூட்டுக்குப் போயிருச்சு. தரகரு போன் பண்ணினாரு. அந்த வூட்ல அப்புடி ஒரு நோவு இருந்தா பொண்ணுக்கும் வருமோன்னு அவங்க யோசிக்கறாங்களாம்." கதவை விட்டு ஓர் அடி உள்ளே வந்தாள். "நீங்க எங்ககிட்டச் சொல்லியிருக்கலாங்க்கா."

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிடுங்கிய பற்களின் இடத்தை வாயைத் திறந்து காட்டினேன். களியின் ரகசியத்தையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வலிப்பு இல்லீங்களா? சாமி சத்தியமா இல்லீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வேலையிலிருந்து வந்த அவள் மகள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"ஏம்மா, பெரிம்மாவுக்கு வலிப்பே இருந்தாலும் எனக்கு எப்புடி வரும்? அவங்க நமக்கு ரத்த சொந்தமா? மலேசியாவுல இருந்து வந்தவங்க."

நானும் ஓரகத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை பேர் பேசியும் இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

"அதுவுமில்லாம, இருந்தாத்தான் என்ன? என்கூட வேலை செய்யற பொண்ணுக்கு இருக்குது. மாத்திரை போட்டுக்கறா, எல்லாரையும் மாதிரிதான் இருக்கறா. அதைக் கேட்டுட்டுப் பின்வாங்கற வூடுன்னா எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலையே பையனுக்கு அவளே போன் செய்திருக்கிறாள். யார் யாரோ சொன்னதைக் கேட்பதற்குப் பதில் உங்கள் வீட்டுப் பெரியவர்களை வரச் சொல்லுங்கள், எங்கள் பெரியம்மா நேரில் பேசுவார் என்று. எங்களுக்கு இது மறுநாள்தான் தெரியும்.

அன்று என் கணவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "திரும்பிப் போயிறலாமா? அங்கன்னா உனக்கு மருந்துக்கும் கவலையில்ல. இங்க இந்தப் பேச்சும் ஓஞ்சிரும்."

"இப்பப் போனா, வலிப்புக்காரின்னு ஓடிப் போன மாதிரி ஆயிரும்லா. கல்யாணம் முடியட்டும்" என்றேன். பிடிவாதமாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் கிள்ளானுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பையனின் அம்மாவும், அவனுடைய பெரியம்மாவும். அம்மா கலகலவென்று பேசுகிறவர். பெரியம்மா முக்காடு போட்டுக் கன்னத்தை மறைத்தபடி ஓர் ஓரமாக உட்கார்ந்தார். ஓரகத்தி முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

பையனின் அம்மா நேராகவே ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. உங்க வாயால கேட்டுட்டா எங்களுக்கும் நிம்மதி."

நான் மறைக்காமல் சொன்னேன். எங்கே தொடங்கும், எங்கே முடியும், எதற்கெல்லாம் வரும், அந்த நேரம் முகம் எப்படி இழுக்கும். கிள்ளான் சீட்டையும் கடத்தூர்ச் சீட்டையும் எடுத்துவைத்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் என் கண் அடிக்கடி அந்தப் பெரியம்மா பக்கமே போனது. காப்பி ஆறி ஆடை கட்டும் வரை அவர் தொடவில்லை. பிறகு தலையை ஒருக்களித்து, வாயின் ஒரு மூலை வழியாக மட்டும் சிறிது சிறிதாக உறிஞ்சினார். முறுக்கை எடுக்கவே இல்லை. நான் வருடக்கணக்காக அப்படித்தான் குடித்திருக்கிறேன்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வலிக்குதுங்க?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இடது கன்னத்தை நோக்கி விரலைக் கொண்டுபோனார், தொடாமல் நிறுத்தினார்.

"பல்லைப் பிடுங்கினாங்களா?"

"மூணு" என்றார் வாயைத் திறக்காமலே. "இன்னும் ஒண்ணு புடுங்கணும்னு வர்ற வாரம் வரச் சொல்லியிருக்காங்க."

"அவங்களுக்குப் பல்லு சொத்தைங்க. நாலு வருசமா பல்லு பல்லுன்னே கெடக்கறாங்க" என்றார் பையனின் அம்மா.

"பல் விளக்க முடியுதா?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல."

"மூஞ்சி கழுவ?"

அவர் கண்ணில் நீர் தளும்பியது. "தண்ணியக் கண்டாலே பயமா இருக்குது கண்ணு. சொன்னா யாரும் நம்பறதில்ல. தண்ணி பட்டா எப்புடிடி வலிக்கும்னு கேக்கறாங்க."

அதன் பிறகு அங்கே சம்பந்தப் பேச்சே நடக்கவில்லை. அவரும் நானும் பேசினோம். நான் என் வலியைப் பற்றி முழுதாக, புரிந்துகொள்கிறவர் ஒருவரோடு பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கிள்ளானில்கூட அப்படி ஒருவர் எனக்குக் கிடைத்ததில்லை. கிளம்பும்போது பையனின் அம்மா ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாள் பாத்துட்டுச் சொல்றோங்க" என்றார். என்னிடம், "எங்க அக்காவையும் அந்த நரம்பு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் நாங்கள் கடத்தூரிலிருந்தும் அவர்கள் ஏரியூரிலிருந்தும் பஸ் ஏறி, தருமபுரி பேருந்து நிலையத்தில் சந்தித்து, நரம்பு மருத்துவரிடம் போனோம். நீளமான வரிசை. மின்விசிறிக்கு நேரே உட்கார முடியாமல் நானும் பெரியம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்து இடம் மாறினோம். என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

மருத்துவர் என் சீட்டை முதலில் எடுத்தார். "எனக்கு மலாய் தெரியாதும்மா. ஆனா மருந்துப் பேரு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார். அளவைச் சற்றுக் கூட்டி எழுதி, அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று விளக்கினார். இனி மாத்திரைக்காக நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பெரியம்மாவிடம் நிறைய கேள்வி கேட்டார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "பல்லைப் புடுங்கறதை மட்டும் இப்ப நிறுத்தி வைங்க" என்று சொல்லிச் சிறிய அளவில் அதே மாத்திரையைத் தொடங்கினார். முதலில் தூக்கம் வரும், தலை சுற்றும், பயப்பட வேண்டாம் என்று நான் அவருக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெரியம்மாவின் ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை போன் வந்தது. யார் என்று முதலில் பிடிபடவில்லை. அவர் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதே இல்லையே!

"கண்ணு, இன்னைக்கு மோட்டார்த் தண்ணியில மூஞ்சி கழுவினன். ரெண்டு கையிலயும் அள்ளி அள்ளி ஊத்தினன். ஒண்ணும் பண்ணல."

"சோப்புப் போட்டீங்களா?" என்று எதையோ கேட்டேன்.

"ரெண்டு தடவ போட்டன்" என்று சிரித்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. என் வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. குளிர்ந்த காற்று அடித்தால் இன்னும் எட்டிப் பார்க்கிறது, மாத்திரையில் சில நாள் மந்தமாக இருக்கிறது. பெரியம்மாவுக்கும் அப்படித்தான். ஆனால் இப்போது நாங்கள் இருவரும் ஒரே நாளில் மருத்துவரிடம் போகிறோம். பார்த்து முடித்ததும் கடைத்தெருவில் சுற்றி, ஒரு புடவையையாவது விலை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம். ஊரில் பாதிப் பேர் இன்னும் எனக்கு வலிப்பு என்றுதான் நினைக்கிறார்கள். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டான். "எப்பத்தான் வர்றே?" என்றான்.

"பிள்ளைங்களப் பாக்கணும். லீவுக்கு வர்றேன்" என்றேன். "மாத்திரைக்கு ஒண்ணும் ஏற்பாடு பண்ணாத. இங்கருந்தே எடுத்துட்டு வந்துருவேன்."